எழுபத்திரெண்டு கிலோ

அந்த மனுஷன் சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு ஏப்பம் வரும். காலையில் ஆறு ரொட்டி, நாலு முட்டை, ஒரு சொம்பு பால். மதியத்துக்கு அவர் தூக்கிக்கொண்டு போகிற அடுக்குப் பாத்திரத்தைப் பார்த்து, "என்ன, வீடு மாத்தறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். ராத்திரி சோறு, பருப்பு, கறி, மறுபடியும் சோறு. எல்லாம் முடிந்து கை கழுவப் போகிற வழியில் ரெண்டு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டு போவார். இதில் அவர் மனைவிக்குக் கொஞ்சம் பெருமை, நிறைய இடுப்பு வலி.

அவருக்கு எடை மெஷின் ரிப்பேர் வேலை. மாவு மில், பழைய இரும்புக் கடை, கிடங்கு, காய்கறி மார்க்கெட், பார்சல் ஆபீஸ், தெருமுனை கிளினிக் என்று எங்கெல்லாம் ஒரு மெஷின் தரையில் கிடந்து எடை காட்டுகிறதோ அங்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின் பழசானால் முன்னே பின்னே காட்டும். அப்போது பின்பக்கம் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்து, நமக்குத் தெரிந்த எடை ஒன்றை மேலே ஏற்றி, "இது இத்தனை கிலோ" என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மெஷின் எதிர்த்துப் பேசாது. சொன்னதை அப்படியே நம்பிக்கொள்ளும்.

தெரிந்த எடை என்றால் இரும்புக்கல். இருபது கிலோ கல் மூன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அலைந்து அலைந்து ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. படுத்த இடத்திலிருந்தே அவருக்கு யோசனை பிறந்தது.

"ஏம்மா, நான் எழுபத்திரெண்டு கிலோ. நம்ம கல்யாணத்தன்னைக்கு எழுபத்திரெண்டு, இன்னைக்கும் எழுபத்திரெண்டு. எவ்வளவு தின்னாலும் ஏறாது, ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தாலும் இறங்காது. என்னைவிட நல்ல கல்லு எங்கே கிடைக்கும்?"

அவள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? கல் மூன்றும் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தன. அன்றிலிருந்து அவரே மெஷின்மேல் ஏறி நின்று, குனிந்து பொத்தானை அமுக்கி, எழுபத்திரெண்டு என்று செட் செய்துவிட்டு இறங்கினார். வருஷக்கணக்காக ஒரு புகார் இல்லை. மார்க்கெட்டில் அவருக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. "எழுபத்திரெண்டு வந்தாச்சு, மெஷினைத் துடைச்சு வை!" என்று கடைக்காரர்கள் கத்துவார்கள். அவருக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்புறம்தான் அந்த வருஷம் வந்தது. எங்கே பார்த்தாலும் மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்றார். போன மாதம் செட் செய்த மெஷினில் இந்த மாதம் ஏறினால் எழுபது காட்டுகிறது. மறுபடி செட் செய்து வைத்தால் அடுத்த மாதம் அதுவும் இறங்குகிறது. "இப்பல்லாம் உள்ள மட்டமான சாமானைப் போட்டு ஏமாத்தறானுங்க" என்று மெஷின் கம்பெனிக்காரர்களின் பரம்பரையையே திட்டினார். வேலை குவிந்தது. பசியும் குவிந்தது. அலைச்சல் அதிகம், அதனால் பசி என்றார். ரொட்டி எட்டானது.

வீட்டு முன்னறையிலும் ஒரு மெஷின் உண்டு. அதுவும் குறைத்துக் காட்டியது. அதையும் செட் செய்தார்.

அவளுக்கு லாண்டரியில் இஸ்திரி போடும் வேலை. ஊர்க்காரர்களின் கால்சட்டை எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். எவனுக்குத் தொப்பை விழுந்தது, எவன் கவலையில் இளைத்தான் என்று மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சொந்த வீட்டுக் கால்சட்டையைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா? இடுப்பில் கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. பெல்ட்டில் திருப்புளியால் குத்திய புது ஓட்டைகள்.

"என்னங்க, ரொம்ப இளைச்சுட்டீங்க."

"நீ இஸ்திரி போட்டுப் போட்டுத் துணியை அகலமாக்கிட்ட. என் மேல பழி போடாதே."

"தோள்பட்டை குத்துதுங்க. கழுத்தெலும்பு தெரியுது."

"இப்ப என்ன, ஏறி நிக்கணுமா? பாரு, நல்லாப் பாரு." முன்னறை மெஷினில் ஏறினார். எழுபத்திரெண்டு என்று சிவப்பாக எரிந்தது. "மெஷினுக்கு என்ன, என்மேல பாசமா? பொய் சொல்லப் போகுதா?"

அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? எண்ணெயைக் கூட ஒரு கரண்டி விட்டாள். முட்டை ஆறானது. ராத்திரி பாலில் தேன் கலந்து கொடுத்தாள். அவரும் தட்டைத் துடைத்து வைத்தார். இளைக்கிறவன் சோற்றைப் பார்த்து முகம் சுளிப்பான், இவர் பாத்திரத்தைச் சுரண்டுகிறாரே, சாப்பிடுகிற மனுஷனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து இறங்கினாள். அவருக்கு ஒரே தங்கை, வெளியூரில் இருப்பவள். பார்த்து வெகு நாளாகியிருந்தது. உள்ளே வந்தவள் அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். "அய்யோ அண்ணே, என்னண்ணே இது, பாதி ஆளாயிட்டே!" என்று ஓடிவந்து அவர் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையோடு திரும்பி, "ஏன் அண்ணி, வீட்ல அடுப்பு எரியுதா இல்லையா?" என்றாள்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே வெந்துகொண்டிருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அன்று மதியம் அவர் சாப்பிட்டதை நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் முறை சோறு வைத்தபோது கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "விருந்தாளி வந்திருக்கேன்னு இன்னைக்கு ஆக்கிப் போட்டிருப்பீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும். நானும் வர்றேன்."

மூன்று பேரும் தெருமுனை கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸுக்கு அவரைப் பார்த்ததும் சிரிப்பு. "என்ன அண்ணே, போன வாரம்தானே மெஷினைச் சரிபண்ணிட்டுப் போனீங்க? இன்னைக்கு நீங்களே நோயாளியா? ஏறுங்க, ஏறுங்க."

ஏறினார். எழுபத்திரெண்டு.

அவர் ஏறி நிற்பது போன வாரம் அவரே பாடம் சொல்லிக் கொடுத்த மெஷின் என்று அங்கே இருந்த நாலு பேரில் ஒருத்தர் மண்டைக்காவது எட்டியிருக்கக் கூடாதா? எட்டவில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை லேசாக அமுக்கினார். பசிக்கிறதா என்றார். நன்றாகப் பசிக்கிறது. தூக்கம்? வருகிறது. எடை? நர்ஸ் உள்ளேயிருந்து எழுபத்திரெண்டு என்றாள். முன்னால் எவ்வளவு? அவரே மார்பை நிமிர்த்தி, "எப்பவும் எழுபத்திரெண்டுதான் டாக்டர்" என்றார்.

"எடை குறையல, பசி எடுக்குது. அப்புறம் என்ன? வயசானா முகம் கொஞ்சம் வத்தத்தான் செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வெளியே வந்து படியிறங்கும்போது அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு எரிகிறதா என்று கேட்டாயே, கேட்டுக்கொள் என்று முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அண்ணன் மேல இருக்கிற பாசத்துல கேட்டுட்டேன்" என்றாள். அன்று முழுக்க அவர் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தோள்பட்டை குத்துவதைப் பற்றி அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. படுக்கையில் அவர் முதுகில் கை பட்டால் முள்ளெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். கையை எடுத்துக்கொள்வாள். டாக்டரே சொல்லிவிட்டாரே.

சில மாதங்கள் இப்படியே போயின. ரொட்டி பத்தானது. அவர் படியேற மூச்சு வாங்கினார். பெல்ட் சுற்றிப் பின்பக்கம் வரை வந்தது. மெஷின்கள் வழக்கம்போல இறங்கின. அவரும் சளைக்காமல் போய்ப் போய்ச் செட் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு மில் முதலாளி ஒரு தள்ளுவண்டியில் ரெண்டு சிமெண்ட் மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். ஆள் ஏற்கெனவே சிவப்பு, அன்றைக்குக் கோபத்தில் பழுத்துப் போயிருந்தார்.

"எழுபத்திரெண்டு! வெளிய வாய்யா! மில்லுக்குச் சுவர் எழுப்ப சிமெண்ட் வாங்கினேன். சும்மா பார்க்கலாமேன்னு ஒரு மூட்டையை மெஷின்ல வெச்சேன். கம்பெனி தைச்ச மூட்டை, ஐம்பது கிலோ. உன் மெஷின் அறுபதுன்னு காட்டுது. இத்தனை மாசமா தானியம் விக்க வர்றவனுக்கெல்லாம் கூடுதலா காசு கொடுத்திருக்கேனேய்யா! என்னைக் கவிழ்க்க எவன்கிட்ட கைநீட்டினே?"

"வாயை அடக்கிப் பேசுங்க முதலாளி. என் கைல தப்பு வராது" என்றார் அவர். ரெண்டு பேருமாக மூட்டையை முன்னறை மெஷினில் ஏற்றினார்கள். முதலாளிதான் தூக்கினார், இவர் தொட்டுக்கொண்டு வந்தார். அறுபது. அடுத்த மூட்டை. அதுவும் அறுபது.

"கம்பெனிக்காரன் கூடப் போட்டிருப்பான்."

"கம்பெனிக்காரன் என்ன எனக்கு மாமனாரா, மூட்டைக்குப் பத்து கிலோ சும்மா கொடுக்க?"

"அப்ப இதைப் பாருங்க." அவர் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி நின்றார். எழுபத்திரெண்டு. "நானும் எழுபத்திரெண்டு, மெஷினும் எழுபத்திரெண்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

முதலாளி மெஷினைப் பார்க்கவில்லை. மேலே நின்றுகொண்டிருந்த மனுஷனை உச்சியிலிருந்து பாதம் வரை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, ஒட்டடையோடு ஒரு இரும்புக்கல்லை ரெண்டு கையாலும் இழுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இறங்குங்க" என்றாள். அவர் இறங்கினார். கல்லை வைத்தாள். இருபது என்று கல்லிலேயே பொறித்திருந்தது. மெஷின் இருபத்திநாலு என்றது.

அவர் வாழ்நாளெல்லாம் இந்தக் கணக்கோடு புழங்கினவர். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபதுக்கு நாலு, ஐம்பதுக்குப் பத்து. அவர் உதடு அசைந்தது. "அப்ப நான் அறுபது" என்றார், யாரிடம் என்றில்லாமல். பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

முதலாளியின் கோபம் போன இடம் தெரியவில்லை. மூட்டைகளைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டார். வாசலில் நின்று, "அம்மா, முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மில்லு எங்கயும் ஓடிடாது" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார். கணையத்தில் கட்டி. சாப்பிட்டதை உடம்பில் சேர்க்கிற வேலை கணையத்தினுடையது, அது கெட்டுப் போனதால் எவ்வளவு உள்ளே போனாலும் ஒட்டவில்லை. கட்டி இப்போது ஈரல் வரைக்கும் போய்விட்டது. வலிக்கு மருந்து கொடுக்கலாம். ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்.

"முன்னாடியே வந்திருந்தா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"முன்னாடின்னா அறுத்து எடுத்துப் பார்த்திருக்கலாம். இவ்வளவு எடை குறையற வரைக்கும் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"சும்மா இல்ல டாக்டர். கிளினிக்ல பார்த்தோம். எடை குறையலன்னு சொன்னாங்க."

"என்ன மெஷினை வெச்சுப் பார்க்கிறாங்களோ" என்று டாக்டரம்மா அலுத்துக்கொண்டார்.

"என் மெஷின்தான்" என்றார் அவர்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், "கிளினிக் மெஷின் அப்படியே இருக்கு" என்றார்.

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம். பஸ் என்றும் பார்க்கவில்லை. "எடுபட்ட மெஷின்! இன்னமுமா மெஷின்? என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு மெஷினைப் பத்திப் பேசறீங்களா? நான் சொன்னேனே, தோள்பட்டை குத்துதுன்னு சொன்னேனே, கேட்டீங்களா? உங்களுக்கு அந்தச் சிவப்பு எழுத்துதான் பெருசு!" அழுகை வந்து மிச்சத்தை அடைத்துக்கொண்டது. அவளுக்கும் தெரியும், சிவப்பு எழுத்தைப் பார்த்து வெளியே சிரித்துக்கொண்டு படியிறங்கினது யார் என்று.

கடைக்காரர்களைப் பற்றிக் கவலையில்லை. மில் முதலாளி வாய் வழியாக விஷயம் மார்க்கெட் முழுக்கப் பரவி, வேறொரு மெக்கானிக் வந்து எல்லா மெஷினையும் சரிசெய்துவிட்டார். கிளினிக்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எடை கூடக் காட்டினால் வியாபாரி கத்துவான், நோயாளி சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். அங்கே புகார் எப்படி வரும்?

மறுநாள் அவள் லாண்டரிக்குப் போகவில்லை. ஒரு வண்டி பிடித்து, மூன்று கல்லையும் ஏற்றி, அவரையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அவரை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்தாள். மூன்றாவது கல்லோடு உள்ளே வரும்போது மெஷின்மேல் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். சட்டை அவன் மேல் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் அவன் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அட, போன தடவைக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கே!" என்றாள் நர்ஸ். "நல்லாத்தான் இருக்கீங்க. எதுக்கு இவ்வளவு பயம்?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே, கேட்டீங்களா? எங்க மாமியார் என்னவோ நான் பட்டினி போடற மாதிரி பேசறாங்க!" என்று அவன் கையைப் பிடித்து இறக்கினாள்.

இவளுக்குக் கல் கையிலேயே கனத்தது. கீழே வைத்தாள். "தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்க. அந்த மெஷின் கூடக் காட்டுது. எங்க வீட்டுக்காரர்தான் அதைத் தப்பா செட் பண்ணிட்டார். இப்பச் சரிபண்ணிடுவார், இன்னொரு தடவை ஏறிப் பாருங்க."

அந்தப் பெண் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ், "அப்படியெல்லாம் இல்லையே, மெஷின் நல்லாத்தானே இருக்கு?" என்று பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர் வாயைத் திறந்தார், மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை.

"எங்களுக்கு நேரமாச்சு" என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டாள். இவள் வாசல் வரை ஓடினாள். படியில் வைத்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "தங்கச்சி, சொன்னாக் கேளுங்க. நல்லாச் சாப்பிடறாரா? நல்லாச் சாப்பிட்டும் இளைக்கிறாரா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இன்னைக்கே போங்க. நானும் இப்படித்தான் நினைச்சேன்."

அந்தப் பெண் கையை உதறினாள். "உங்க வீட்டுக்காரர் இருக்கிற நிலைமை உள்ள பார்த்தேன். அதுக்காக எல்லார் வீட்டுக்காரரையும் சாகக் கிடக்கிறார்னு சொல்வீங்களா? நல்ல வார்த்தை கேட்டுட்டு வெளிய வர்றேன், வாய் வெக்காதீங்கக்கா."

தெருவைத் தாண்டி எதிரே இருந்த கடையில் அவன் பன் வாங்கினான். அங்கேயே நின்று தின்றான். இன்னொன்றும் வாங்கினான். அவள் அவன் சட்டையில் விழுந்த துகளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். ரெண்டு பேரும் தெருத் திரும்பிப் போனார்கள்.

இவள் உள்ளே வந்தபோது அவர் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் போல, மூன்று கல்லும் மெஷின்மேல் இருந்தன. அறுபது என்று சரியாகக் காட்டியது.

"என்ன சொன்னாங்க?"

"கேக்கலங்க. போயிட்டாங்க."

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னப்ப நான் கேட்டேனா?"

நானும்தானே சிரித்துக்கொண்டு போனேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. ஒவ்வொரு கல்லாக இறக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கையும் வேண்டியிருந்தது, நடுவில் நின்று மூச்சும் வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் அவர் அக்குளில் கைகொடுத்து எழுப்பினாள். அதற்கு ஒரு கை போதுமாக இருந்தது.